பொடிப் புகையும் நானூறு மீட்டரும்

பனமரத்துப்பட்டி
3-2-2025

அறிவுச்செல்விக்கு,

நலமா என்று கேட்கப் போவதில்லை. உன் மேல் இருக்கிற கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிட்டால்தான் மீதியை எழுதக் கை வரும்.

மார்கழியில் உன் கூட்டத்தோடு மரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு எங்கள் தெருவுக்கு வந்தாய். ஈயம், காட்மியம், நெஞ்சுத் தெம்பு என்று என்னென்னவோ சொன்னீர்கள். டிக் டிக் என்று அடிக்கிற கருவி ஒன்றை வைத்து, அந்தத் தாளத்துக்குப் பெட்டி மேல் ஏறு, இறங்கு என்றீர்கள். தெருவே சிரித்தது. நானும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறி இறங்கினேன். அதோடு கிளம்பிப் போயிருக்கலாம். வெள்ளிப் பட்டறைக்குள் போய், முதலாளி பக்கத்தில் நிற்கும்போதே என் வீட்டுக்காரரைப் பார்த்து, "அண்ணா, உனக்கு வயசு நாப்பத்தி மூணு, உன் நெஞ்சுக்கு அறுபது" என்று போட்டு உடைத்தாய்.

மறுநாளே முதலாளி அவரைச் சுடர் முன்னாலிருந்து எழுப்பிவிட்டார். கல்யாணமாகி எங்கள் ஊருக்கு வந்த நாளிலிருந்து கொலுசுக் கண்ணிக்கு ஒட்டுப் பொடி வைத்து, ஊதுகுழலால் சுடரை ஊதி உருக்கிப் பத்தவைக்கிற மனுஷன் அவர். அவரைக் கம்பி நறுக்க உட்காரவைத்தால் எப்படி இருக்கும்? கூலியும் பாதியாயிற்று. "என் தங்கச்சி இனி என் வாசப்படி மிதிக்கப்படாது" என்று அவர் சொன்னதும், என் போனில்கூட உன் நம்பரை அடைத்து வைத்ததும் அதனால்தான். நீ அழுதுகொண்டே பஸ் ஏறினாய் என்று பக்கத்து வீட்டு மாரக்காள் சொன்னாள். பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் நான் வெளியே வந்து கூப்பிடவில்லை.

இப்போது எனக்கு ஒரு காரியம் ஆக வேண்டும். வெட்கத்தை விட்டுக் கேட்கிறேன்.

நம் பொண்ணு ப்ரீத்திக்குப் பங்குனியில் போலீஸ் வேலைக்கான ஓட்டத் தேர்வு. எழுத்துத் தேர்வில் நல்ல மார்க் வாங்கிவிட்டாள். நானூறு மீட்டரைக் குறித்த நேரத்தில் ஓடி முடித்தால் வேலை ஏறக்குறைய கையில். தினமும் விடிகாலையில் ஏரிக்கரையில் ஓடுகிறாள். பாதி தூரம் நன்றாகத்தான் போகிறாள். அப்புறம் இரைக்கிறது. முட்டியில் கையை ஊன்றிக்கொண்டு நின்றுவிடுகிறாள், உதடு வெளுத்துப் போகிறது. ரத்தம் குறைவோ என்று பேரீச்சம்பழம், முருங்கைக்கீரை, ஆட்டு ஈரல் எல்லாம் கொடுத்துப் பார்த்தாயிற்று. ஆஸ்பத்திரியில் ரத்தம் சரியாகத்தான் இருக்கிறது என்று ஒரு டானிக் எழுதிக் கொடுத்தார்கள். இருபது வயசுப் பெண்ணுக்கு ஏன் இப்படி மூச்சு வாங்க வேண்டும்? இந்த வேலை கிடைக்காவிட்டால் உன் அண்ணன் மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்துவிடுவார். அவளுக்கு அதில் துளியும் இஷ்டமில்லை.

நீ மூச்சையும் ஓட்டத்தையும் படித்தவள். என்ன கொடுக்கலாம், எப்படி ஓட வைக்கலாம் என்று எழுது. வீட்டு விலாசத்துக்கே எழுது. தபால்காரர் மத்தியானம் வருவார், உன் அண்ணன் அப்போது பட்டறையில் இருப்பார். உன் மருமகளுக்காகக் கேட்கிறேன், எனக்காக இல்லை.

கலைமணி


மோகனூர்
9-2-2025

அன்புள்ள அண்ணி,

கவரில் உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் வாசலில் நின்றபடியே பிரித்தேன். படிக்கப் படிக்க உட்கார்ந்துவிட்டேன். இரண்டு மாதமாக உங்கள் இருவர் போனுக்கும் அடித்து அடித்து எனக்கே அலுத்துப் போயிருந்தது.

முதலில் என் பக்கத்தையும் கேளுங்கள். அன்றைக்குப் பெட்டியிலிருந்து இறங்கியபோது அண்ணனுக்கு நெற்றியெல்லாம் வியர்த்துக் கொட்டியது. நாடி அடங்கவே இல்லை. என் கையில் அவர் மணிக்கட்டு இருந்தது. அந்த நேரத்தில் பக்கத்தில் முதலாளி நிற்கிறாரா, முனிசிபாலிட்டி நிற்கிறதா என்றா பார்க்கத் தோன்றும்? இடம் தெரியாமல் பேசிவிட்டேன், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பேசியது பொய் இல்லை. அவரைச் சுடர் முன்னாலிருந்து எழுப்பியது கெட்டதிலும் ஒரு நல்லது என்றுதான் நான் இன்னமும் நினைக்கிறேன். கோபப்படுங்கள், பரவாயில்லை.

இங்கே காவிரிக் கரையில் கரும்பு வெட்டுகிறவர்களைச் சோதித்துக்கொண்டிருக்கிறோம். ஓடும்போதும் ஏறும்போதும் நம் உடம்பு எவ்வளவு பிராணவாயுவை இழுத்துச் செலவழிக்க முடிகிறது என்பதுதான் நெஞ்சுத் தெம்பு. ஈயமோ காட்மியமோ வருடக்கணக்கில் உள்ளே போனால் அது குறைகிறதா என்று ஒவ்வொரு தொழில்காரராகப் பார்க்கிறோம். நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டுகிற வெல்டிங் ஆட்கள், உங்கள் தெருவில் பட்டறை ஆட்கள், இங்கே காட்டு வேலை ஆட்கள். அத்தாயி என்று ஒரு அம்மா, அறுபதைத் தொடப் போகிறவர், வாயில் வெற்றிலையோடு ஏறி இறங்கிவிட்டு, "இம்புட்டுத்தானுங்களா சாமி?" என்று என்னைக் கேட்டார். நாடி கொஞ்சம்கூடப் பதறவில்லை. பொறாமையாக இருந்தது.

ப்ரீத்திக்கு வருகிறேன். முழு வேகத்தில் தினமும் ஓடுவதை உடனே நிறுத்தச் சொல்லுங்கள். நூறு மீட்டர் ஓட்டம், நூறு மீட்டர் நடை, திரும்ப ஓட்டம் என்று ஒரு நாள் விட்டு ஒரு நாள். ஈரலைக் குறைத்துக்கொள்ளுங்கள். சாப்பாடு இல்லை என் கவலை. அவள் பட்டறைப் பக்கம் போகிறாளா? அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டு போய்க் கொடுத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்திருக்கிறாளா? அண்ணனின் வேலைச் சட்டையைத் தனியாகத் துவைக்கிறீர்களா? ரத்தம் சரியாக இருந்தும் இந்த வயதில் இப்படி இரைக்கிறது என்றால் எனக்கு மனசு ஒரு இடத்தில் நிற்கவில்லை. சீக்கிரம் எழுதுங்கள்.

ப்ரீத்தியிடம் அத்தை விசாரித்தேன் என்று சொல்லுங்கள். அண்ணனிடம் ஒன்றும் சொல்ல வேண்டாம்.

செல்வி


பனமரத்துப்பட்டி
21-2-2025

செல்விக்கு,

உன் கடிதம் வந்த வாரத்திலேயே உங்கள் ஆராய்ச்சியை நடத்துகிற டாக்டரம்மா ஆபீசிலிருந்து பட்டறைக்கு ஒரு காகிதமும் வந்தது. நீ பார்த்திருப்பாய், பார்க்காதது போல எழுதியிருக்கிறாய். உன் அண்ணன் மடித்துக்கொண்டு வந்து எனக்குப் படித்துக் காட்டினார். பட்டறையில் புகைக்கு முன்னால் உட்காருகிற ஆம்பளைகளுக்கும், அதே தெருவில் வீட்டில் இருக்கிற பொம்பளைகளுக்கும் நெஞ்சுத் தெம்பில் பெரிய வித்தியாசம் இல்லை, வயசுக்கு இருக்க வேண்டியதைவிட இரண்டு கூட்டத்துக்கும் குறைவு, அதனால் உலோகப் புகைதான் காரணம் என்று சொல்ல முடியாது, நடமாட்டம் இல்லாமல் உட்கார்ந்தே இருப்பது காரணமாக இருக்கலாம் என்று போட்டிருந்தது.

முதலாளிக்குக் கால் தரையில் படவில்லை. காகிதத்தைப் பெரிதாக நகல் எடுத்துப் பட்டறைச் சுவரில் ஒட்டிவிட்டு எல்லாருக்கும் லட்டு கொடுத்தார். உன் அண்ணனைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்ச் சுடர் முன்னால் உட்காரவைத்தார். புகை உறிஞ்சுகிற மின்விசிறி மாட்டுகிறேன் என்று தீபாவளியிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தவர், இனி எதற்கு என்று விட்டுவிட்டார். ஆக, நீ அன்றைக்கு அத்தனை பேர் முன்னால் என் வீட்டுக்காரரை அவமானப்படுத்தியது ஒன்றுமில்லாததற்கு. உங்கள் காகிதமே சொல்கிறது, நான் சொல்லவில்லை.

நான் சந்தோஷத்தில்தான் எழுதுகிறேன். ஒரு பெரிய பாரம் இறங்கியது. உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்றையும் இப்போது சொல்லலாம் என்று தோன்றுகிறது. ப்ரீத்தி பட்டறைப் பக்கம் போனதே இல்லை. வீட்டில்தான் என் பக்கத்தில் உட்காருவாள். நான் பத்தவைக்கும்போது கண்ணிகளை வரிசையாக அடுக்கி, வெண்காரம் தடவி, பொடி தூவிக் கொடுப்பாள். எட்டாவது படிக்கும்போதிருந்து செய்கிறாள். ஊதுகுழலை மட்டும் அவள் கையில் நான் கொடுத்ததில்லை. ஏதோ ஒரு பயம். நீ வேறு வந்து பயமுறுத்திவிட்டுப் போனாய். இப்போது அந்தப் பயமும் போய்விட்டது. பங்குனி, சித்திரை முகூர்த்தத்துக்குக் கொலுசு மூட்டை மூட்டையாக வந்து கிடக்கிறது. போன வாரத்திலிருந்து அவளும் ஊதுகிறாள். ஓட்டம் போக மீதி நேரமெல்லாம் அதுதான். என் கையைவிட அவள் கை சுத்தம்.

நீ சொன்னபடி நூறு ஓட்டம், நூறு நடை என்று மாற்றினாள். ஆனால் இந்த வாரம் இரைப்பு கூடித்தான் இருக்கிறது. ராத்திரியில் லேசாகக் காய்ச்சலும் வருகிறது, காலையில் விட்டுவிடுகிறது. பனி ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது. அதற்கு என்ன செய்யலாம்?

கலைமணி


மோகனூர்
24-2-2025

அண்ணி,

உங்கள் கடிதம் இப்போதுதான் கைக்கு வந்தது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மற்றதெல்லாம் அப்புறம்.

ப்ரீத்தியிடமிருந்து ஊதுகுழலை வாங்கி வையுங்கள். இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கும் முன்பே போய் வாங்குங்கள். அந்தக் காய்ச்சல் பனியால் வந்தது இல்லை. பொடிப் புகையைக் குடித்தவர்களுக்கு அப்படித்தான் சாயங்காலம் வரும், காலையில் போகும். பொடியில் காட்மியம் இருக்கிறது. வெள்ளி சீக்கிரம் ஒட்ட வேண்டும் என்று கலப்பார்கள். மஞ்சளாகக் கிளம்புமே ஒரு புகை, அதுதான். நீங்களும் ஊதாதீர்கள்.

எனக்கு ஒரு பதில் மட்டும் வேண்டும். எங்களோடு வந்த அனிதா என்ற பெண் வாசலில் நின்று உங்களிடம், என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டாளே, நீங்கள் என்ன சொன்னீர்கள்? மாரக்காள் என்ன சொன்னார்கள்? தெருவில் எத்தனை வீட்டில் பெண்கள் பத்தவைக்கிறார்கள்?

வருடா வருடம் பொங்கலுக்கு உங்கள் வீட்டில் வந்து தின்றுவிட்டுப் போனேனே, ஒரு முறைகூட நான் பார்த்ததில்லையே. எங்கே வைத்துச் செய்கிறீர்கள்?

செல்வி


பனமரத்துப்பட்டி
1-3-2025

செல்விக்கு,

நீ கேட்கிற தோரணை எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் பதில் சொல்கிறேன்.

அந்தப் பெண் கேட்டாள். "ஊட்ல சும்மாதானுங்க இருக்கறேன்" என்று சொன்னேன். வேறு என்ன சொல்வது? நான் எங்கேயாவது வேலைக்குப் போகிறேனா? காலையில் சோற்றுத் தூக்குப்போசி எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நிற்கிறேனா? மாரக்காளும் அதையேதான் சொன்னாள். இந்தத் தெருவில் எந்த வீட்டுக் கதவைத் தட்டினாலும் அதே பதில்தான் வரும். பத்தவைக்காத வீடு எதுவென்று யோசித்துப் பார்க்கிறேன், வாத்தியார் வீடு ஒன்றைத் தவிர வேறு எதுவும் ஞாபகத்துக்கு வரவில்லை.

உனக்கு இது புரியாது. நீ ராசிபுரத்தில் தறி வீட்டில் பிறந்தவள். தறியில் புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து உட்காருவது ஊருக்கே தெரியும். வெள்ளியில் அப்படி இல்லை. முதலாளி வெள்ளியை எடை போட்டு ஆம்பளை கையில்தான் கொடுப்பார். பட்டறையில் முடிந்தது போக மீதியை அவர் வீட்டுக்குக் கொண்டு வருவார், நாங்கள் பத்தவைப்போம், மறுநாள் அவர் வேலையாகவே எடைக்குப் போகும். பொம்பளை ஊதியது என்று தெரிந்தால் "பொம்பளைக் கை" என்று தனியாக ஒரு கூலி உண்டு, அது குறைவு. முதலாளிக்குத் தெரியாதா என்று கேட்காதே. நன்றாகத் தெரியும். வாயால் சொல்லாதவரை அவரும் கேட்க மாட்டார். வாசல் கதவைச் சாத்தி, ஜன்னலையும் சாத்திக்கொண்டுதான் உட்காருவோம். காற்று வந்தால் சுடர் ஆடும், வெளியே போகிறவர்கள் கண்ணிலும் படக் கூடாது.

பெண் பிள்ளை இருக்கிற வீடு என்றால் இன்னும் மோசம். பொடிப் புகை குடித்த பெண்ணுக்குக் குழந்தை தங்காது என்று ஒரு பேச்சு இருக்கிறது. பெண் பார்க்க வருகிறவர்கள் விரலைப் புரட்டிப் பார்ப்பார்கள், சூடு பட்ட தழும்பு இருக்கிறதா என்று. அதனால்தான் பொங்கலுக்கு முன்னால் உள்ளறைக்கு வெள்ளை அடித்து, சாமானையெல்லாம் பரண் மேல் ஏற்றிவிடுவோம். உனக்காகத்தான் முக்கியமாக. நீ பார்த்தால் ராசிபுரத்தில் உன் அம்மாவுக்குத் தெரியும். "என் பையன் சம்பாத்தியம் போதாதா, மருமகளும் புகையில் உட்காரணுமா" என்று அத்தை கேட்டால் உன் அண்ணன் முகத்தை எங்கே கொண்டு போய் வைப்பார்?

ப்ரீத்தியிடமிருந்து ஊதுகுழலை வாங்கிவிட்டேன். நீ சொன்னதால் வாங்கினேன். அவள், "அம்மா, அத்தை காகிதம் ஒண்ணு சொல்லுது, அத்தை ஒண்ணு சொல்லுது, எதைம்மா நம்பறது?" என்றாள். நீயே சொல்.

இதையெல்லாம் உன் அண்ணியாக இருந்து உனக்கு எழுதினேன். உன் டாக்டரம்மாவுக்கு இல்லை. இது உன் வாயிலிருந்து வெளியே போனால் உன் அண்ணன் சொன்னதை நானும் சொல்ல வேண்டி வரும்.

கலைமணி


மோகனூர்
6-3-2025

அண்ணி,

இந்தக் கடிதத்தை நான்காவது தடவையாக எழுதுகிறேன். மூன்றைக் கிழித்துப் போட்டேன். ஒன்றில் உங்களைத் திட்டியிருந்தேன், ஒன்றில் அழுதிருந்தேன், இன்னொன்று டாக்டரம்மாவுக்கு எழுதியது.

ப்ரீத்தி கேட்டதற்கு முதலில் பதில். காகிதத்தை நம்ப வேண்டாம். புகையில் உட்காருகிறவர்களோடு ஒப்பிட்டுப் பார்க்க, புகையே படாத ஒரு கூட்டம் வேண்டும். சோறு, தண்ணீர், வெயில் எல்லாம் ஒன்றாக இருந்து வேலை மட்டும் வேறாக இருந்தால் நல்லது என்று அதே தெருவின் வீட்டுப் பெண்களைப் பிடித்தோம். பட்டறை ஆட்களுக்கு மட்டும் ரத்தத்தில் உலோகம் பார்த்தோம். சும்மா இருக்கிற பெண்களுக்கு எதற்கு, பணம் வீண் என்று விட்டுவிட்டோம். புகை குடித்தவர்களைப் புகை குடித்தவர்களோடு வைத்துப் பார்த்துவிட்டு வித்தியாசம் இல்லை என்று எழுதியிருக்கிறோம். வித்தியாசம் எப்படி இருக்கும்? அந்தக் காகிதத்தை நம்பி நீங்கள் ப்ரீத்தி கையில் ஊதுகுழலைக் கொடுத்தீர்கள். படித்துப் பட்டம் வாங்கிய அத்தனை பேர் அறிக்கை எழுதிய மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம், ஒருத்தருக்குக்கூடக் கதவு ஏன் சாத்தியிருக்கிறது என்று கேட்கத் தோன்றவில்லை.

அதே வயதுப் பெண்கள்தான் இங்கே கரும்புக் காட்டிலும் இருக்கிறார்கள். உங்கள் தெருப் பெண்களின் கணக்கை இவர்கள் கணக்குக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், உங்கள் தெருவுடையது எவ்வளவோ கீழே இருக்கிறது. பார்த்த பிறகு அறைக்குள் உட்கார முடியவில்லை, ஆற்றுப் பாலம் வரைக்கும் நடந்துவிட்டு வந்தேன். எல்லாமே காட்மியத்தால்தான் என்று நான் சொல்ல மாட்டேன். வெயிலில் வேலை செய்கிற உடம்பு வேறு, அறைக்குள் உட்கார்ந்திருக்கிற உடம்பு வேறு. ஆனால் அப்படிச் சொல்லிக் கடந்து போகவும் முடியாது.

மாதக் கடைசியில் முழு அறிக்கை அரசாங்கத்துக்குப் போகிறது. போய்விட்டால் உங்கள் தெரு மட்டும் இல்லை, வெள்ளி வேலை நடக்கிற எல்லாத் தெருவிலும் முதலாளிகள் அந்தக் காகிதத்தைக் காட்டுவார்கள். விசிறியும் கிடையாது, காட்மியம் இல்லாத பொடியும் கிடையாது. நான் மட்டும் போய், என் அண்ணி அப்படி எழுதினாள் என்றால் டாக்டரம்மா என்ன செய்ய முடியும்? தெருவிலிருந்து ஒருவராவது வாய் திறந்து சொல்ல வேண்டும், ரத்தமும் சிறுநீரும் கொடுக்க வேண்டும். நீங்கள் வேண்டாம் என்று எழுதியிருக்கிறீர்கள். நான் இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. எத்தனை நாள் சொல்லாமல் இருப்பேன் என்று எனக்கே தெரியவில்லை. உள்ளதைச் சொல்கிறேன், மிரட்டுவதாக நினைக்காதீர்கள்.

தெருவை விடுங்கள். ப்ரீத்தியை மட்டும் சேலத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்ச் சோதனைக்குக் கொடுங்கள். எங்கே, என்ன சோதனை என்று தாளின் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன். ஓட்டத் தேர்வு முடியட்டும் என்று தள்ளிப் போடாதீர்கள். அந்த உள்ளறைக்குள் அவள் கால் வைக்கக் கூடாது. நீங்களும் வைக்கக் கூடாது, ஆனால் நீங்கள் கேட்க மாட்டீர்கள் என்று தெரியும்.

செல்வி


பனமரத்துப்பட்டி
20-3-2025

செல்விக்கு,

ஓட்டத் தேர்வு திங்கட்கிழமை நடந்தது. ப்ரீத்தி ஓடி முடிக்கவில்லை.

உன் அண்ணன் கூடப் போயிருந்தார். என்னிடம் சொன்னதைச் சொல்கிறேன். முதல் பாதியில் அவள்தான் முன்னால் போயிருக்கிறாள், அவர் கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு எம்பி எம்பிப் பார்த்திருக்கிறார். கடைசி வளைவில் நின்றுவிட்டாள். பின்னால் வந்த பெண்கள் ஒவ்வொருவராகத் தாண்டிப் போனார்கள். நின்றவள் திரும்ப ஓடவில்லை, நடந்தே வந்து கோட்டைத் தொட்டிருக்கிறாள். பஸ்ஸில் வரும்போது ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தவள் ஊர் வரும்வரைக்கும் திரும்பவில்லையாம். வீட்டுக்கு வந்ததும், "அப்பா, அடுத்த வருசம் ஓடிக்கறேன், இப்ப மாப்பிள்ளை பாக்காதீங்க" என்றாள். அவர் கொல்லைப் பக்கம் போய்விட்டார்.

சோதனைக்கு அதற்கு முன்பே கொடுத்திருந்தேன், அவருக்குத் தெரியாமல். நேற்றுத்தான் முடிவு வந்தது. இருக்கலாம் என்று அவர்கள் போட்டிருக்கிற அளவுக்கு ரொம்ப மேலே இருக்கிறது. அங்கே இருந்த டாக்டர் சின்ன வயசு, நல்ல மாதிரி. இப்போதே நிறுத்திவிட்டால் மூச்சு தேறும், திரும்ப ஓடலாம், ஆனால் சிறுநீரகத்துக்குள் போனது அவ்வளவு லேசில் வெளியே வராது, வருடா வருடம் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றார். "பட்டறையில வேலை செய்யுதுங்களா பாப்பா?" என்று கேட்டார். எனக்கு வழக்கமான பதில்தான் நாக்கு நுனிக்கு வந்தது. ப்ரீத்தி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எட்டாவதுலிருந்து எங்கூட உக்காந்து பத்தவைக்கிறாளுங்க டாக்டர். நாந்தான் உக்காரவெச்சேன்" என்றேன். அவர் எழுதிக்கொண்டார்.

அப்புறம் வீட்டுக்கு வந்து உன் அண்ணனிடமும் சொன்னேன். உன் கடிதங்களையும் எடுத்துக் கொடுத்தேன். படித்தார், திரும்பப் படித்தார். சண்டை போடுவார் என்று எதிர்பார்த்தேன். "பொம்பளைக் கூலின்னு கொறைச்சுப் போடுவானே, சித்திரைக்கு என்ன பண்றது" என்றுதான் முதலில் கேட்டார். "ஏனுங்க, உங்க மக கடைசி வளைவுல நின்னப்ப கூலிக்கா நின்னா?" என்று கேட்டேன். கல்யாணம் ஆனதிலிருந்து அவரிடம் அப்படிப் பேசியதில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். திரும்பி வந்து, "அவளுக்கு எழுதிப் போடு. எம்பேரும் போட்டுக்கட்டும்" என்றார். உன் மேல் கோபம் போய்விட்டது என்று நினைக்காதே. உன் பேரைச் சொல்லவில்லை, அவள் என்றுதான் சொன்னார்.

தெருவில் வீடு வீடாகப் போய்க் கேட்டேன். உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தவர்கள், விஷயத்தைச் சொன்னதும் அடுப்பில் வேலை இருக்கிறது என்று எழுந்துகொண்டார்கள். ஒருத்தி, "உன் பொண்ணு ஓட்டத்துல தோத்ததுக்குத் தெருவே பழி ஏத்துக்கணுமா?" என்று கேட்டாள். பெண் பிள்ளை வைத்திருக்கிறவள், அவளைத் தப்பு சொல்ல மாட்டேன். மாரக்காள் மட்டும் வருகிறேன் என்றாள். மொட்டை மாடிக்கு ஏறினால் பாதியில் உட்கார்ந்துதான் ஏறுகிறாளாம், இத்தனை நாள் என்னிடம்கூடச் சொல்லவில்லை. ஆக நாங்கள் இரண்டு பேர். உன் டாக்டரம்மாவிடம் பேரோடு சொல். ரத்தம் எடுக்க ஆள் அனுப்பு. வீட்டு வாசலிலேயே எடுக்கட்டும், தெரு பார்த்தால் பார்க்கட்டும்.

ப்ரீத்தியை ஞாயிற்றுக்கிழமை மோகனூர் பஸ்ஸில் ஏற்றிவிடுகிறேன். உன்னோடு வைத்துக்கொள். அந்த ஆற்றங்கரைக் காற்றில் மெதுவாக ஓடட்டும், அடுத்த தேர்வு வரும்வரைக்கும் இங்கே வர வேண்டாம். சாப்பாட்டில் காரம் குறைவாகப் போடு, அவளுக்கு ஆகாது. என்னைப் பிரிந்து இருந்ததில்லை, ராத்திரியில் அழுதாலும் அழுவாள். என்னையும் கூடவே வரச் சொல்லி அடம்பிடிக்கிறாள். நான் எப்படி வருவது? எடை போட்டு வாங்கிய வெள்ளியைப் பாதி வேலையில் திருப்பிக் கொடுக்க முடியாது, முகூர்த்தத்துக்கு முன்னால் முடித்தாக வேண்டும். அவள் பங்கையும் சேர்த்து இனி நான்தான் ஊத வேண்டும்.

கலைமணி